உளியின் மூக்கு எப்படி இருக்க வேண்டும்?

வீட்டுப் பின்புறத்தில் நின்ற பலா மரத்தை இரண்டு ஆண்டுகளுக்கு முன் வெட்ட வேண்டியதாயிற்று. அம்மா நட்ட மரம். அதன் வேர் சாக்கடைச் சுவரைப் பிளந்துவிட்டது. வெட்டியவர்கள் லாரியில் ஏற்றுவதற்கு முன் இரண்டு கட்டைகளை மட்டும் கேட்டு வாங்கி வைத்தேன். முதல் கட்டையை லேத்தில் மாட்டிக் கிண்ணமாகக் கடைந்தபோது, உட்புற அடிப்பகுதியை நெருங்கிய நேரத்தில் உளி 'டக்' என்று மரத்தைக் கவ்வியது. கிண்ணம் இரண்டாகப் பிளந்து ஒரு பாதி கூரையில் மோதி விழுந்தது. முகக் கவசம் போட்டிருந்ததால் தப்பினேன்.

பலாவைக் குறை சொல்ல முடியாது. லேத்தும் ஒழுங்காகத்தான் ஓடியது. கையில் இருந்த உளி அந்த இடத்துக்கு ஏற்றதல்ல, அவ்வளவுதான்.

கிண்ணம் கடைவதற்கென்றே உள்ள உளியை 'பவுல் கௌஜ்' என்பார்கள். உருண்டையான எஃகுத் தண்டில் நீளமாக ஒரு பள்ளம் ஓடும். கடையிலிருந்து வரும்போது அதன் முனை ஏதோ ஒரு வடிவில் தீட்டப்பட்டிருக்கும். அதுதான் சரியான வடிவம் என்று புதியவர்கள் நம்பிவிடுகிறார்கள். நானும் நம்பினேன். உண்மையில் அந்த முனையை நம் வேலைக்கு ஏற்ப நாம்தான் சாணை பிடித்துக்கொள்ள வேண்டும்.

வாங்கும்போதே ஒரு குழப்பம் காத்திருக்கிறது. பிரிட்டிஷ் தயாரிப்பாளர்கள் பள்ளத்தின் அகலத்தை அளவாகச் சொல்வார்கள். அமெரிக்கர்கள் தண்டின் தடிமனைச் சொல்வார்கள். அதனால் ஒருவரின் 3/8 அங்குல உளியும் மற்றவரின் 1/2 அங்குல உளியும் ஏறக்குறைய ஒன்றுதான். இணையத்தில் வாங்குகிறவர்கள் தண்டின் அளவைக் கேட்டுக்கொள்வது நல்லது.

இனி கோணம். வெட்டு விளிம்புக்குக் கீழே உள்ள சரிவு முகம் மரத்தைத் தொட்டுக்கொண்டே போக வேண்டும். அந்தத் தாங்கல் விலகினால் உளி கவ்விக்கொள்ளும். 40 டிகிரியில் கூர்மையாகத் தீட்டிய உளி வெளிப்புறத்தில் அருமையாக வெட்டும். தூங்குமூஞ்சி மரம்போல் நார்கள் பின்னிக் கிடக்கும் மரத்திலும் பிசிர் குறையும். இங்கிலாந்தில் பிறந்த கடைசல் கலைஞர் ஸ்டூவர்ட் பேட்டி பிரபலப்படுத்திய முறையில் மூக்கும் இரு பக்க இறக்கைகளும் ஒரே 40 டிகிரியில் இருக்கும். சாணையின் மேடையை அந்தக் கோணத்தில் வைத்துக் கையாலேயே தீட்டுவார்கள். அழகான முறை. ஆனால் கை பழகும் வரை நிறைய எஃகு வீணாகும்.

அதே உளியை ஆழமான கிண்ணத்தின் அடிக்குக் கொண்டுபோனால்தான் சிக்கல். சரிவு முகம் அடியில் படிய வேண்டுமானால் தண்டை நன்றாகச் சாய்க்க வேண்டும். கிண்ணத்தின் விளிம்பு தண்டைத் தடுக்கும். வேறு வழியின்றிக் கைப்பிடியை நிமிர்த்தினேன். தாங்கல் விலகியது. அடுத்த நொடி பலாக்கட்டை கூரையில்.

அடிப்பகுதிக்கு 65 அல்லது 70 டிகிரியில் மழுங்கலாகத் தீட்டிய இன்னொரு உளி தேவை. தண்டு ஏறக்குறைய நேராக உள்ளே போகும், விளிம்பில் இடிக்காது. இரண்டுக்கும் நடுவில், அமெரிக்கரான டேவிட் எல்ஸ்வொர்த்தின் பெயரால் அறியப்படும் வடிவம் இருக்கிறது. மூக்கு 60 டிகிரி. இறக்கைகள் நீளமாகப் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். வெளியே இழுத்து வெட்டலாம், இறக்கையால் மெல்லச் சுரண்டி மெருகேற்றலாம். ஒரே உளிதான் வாங்க முடியும் என்பவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். நீண்ட இறக்கையை மேல்நோக்கித் திறந்து வைத்தால் இதுவும் கவ்வும் என்பதை மறக்கக் கூடாது.

தீட்டும்போது இரண்டு தவறுகள் அடிக்கடி நேரும். மூக்குக்கு இரு பக்கமும் அதிகம் தேய்த்தால் அது பறவை அலகுபோல் கூராகிவிடும். இறக்கையின் நடுவில் அதிக நேரம் நின்றால் அங்கே பள்ளம் விழும். இறக்கை நேராகவோ சற்றே புடைத்தோ இருக்க வேண்டும். சரிவு முகத்தில் மார்க்கர் பேனாவால் மை பூசி, சாணையைக் கையால் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். மை முழுவதும் அழிந்தால் கோணம் பொருந்துகிறது. மேலே மட்டும் அழிந்தாலோ கீழே மட்டும் அழிந்தாலோ சரிசெய்த பிறகே சுவிட்சைத் தட்டுங்கள்.

சாதாரணச் சாணைக்கல் தேயத் தேய விட்டம் குறையும். கோணமும் நமக்குத் தெரியாமலேயே மாறும். சி.பி.என். சக்கரம் விலை அதிகம், ஆனால் அளவு மாறாது. உளியைப் பிடிக்கும் ஜிக்கிலிருந்து மூக்கு எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்கு ஒரு மரத்துண்டை அளவாக ஆணியடித்து வைத்துவிட்டால், ஒவ்வொரு முறையும் அதே வடிவம் கிடைக்கும். தீட்டுவது சில விநாடி வேலையாகிவிடும்.

இன்னொன்று: சரிவு முகத்தின் பின்விளிம்பை, அதாவது குதிகாலை, சிறிது தேய்த்து உருட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் உட்புற வளைவில் அது மரத்தை நசுக்கிக் கோடு போடும். எண்ணெய் பூசிய பிறகுதான் அந்தக் கோடுகள் கண்ணில் படும், எரிச்சலாக இருக்கும்.

இரண்டாவது பலாக்கட்டையை அவசரப்படாமல் செய்தேன். விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு தடிமன் விட்டுக் கரடாகக் கடைந்து, மெழுகு பூசி, ஓராண்டு காயவைத்தேன். காய்ந்ததில் சற்று நீள்வட்டமாகியிருந்தது. வெளிப்புறத்துக்கு 40 டிகிரி, உள்ளே இறங்க எல்ஸ்வொர்த், அடிக்கு 65 டிகிரி என மூன்று உளிகளும் கைமாறின. அடியில் சுருள் சுருளாக மஞ்சள் சீவல் வந்தது.

அம்மா இப்போது அதில் எலுமிச்சம்பழம் போட்டு வைத்திருக்கிறார்.