முதலிடம் என்றார்கள்... 4-வது இடத்துக்குப் போனார்! என்.ஹெச்.எல் டிராஃப்ட்டில் 'டூ-வே' ஃபார்வர்டை எடைபோடுவது ஏன் கஷ்டம்?

2022 ஜூலை 7. கனடாவின் மான்ட்ரியால் நகரில் உள்ள பெல் சென்டர் அரங்கில் வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்.ஹெச்.எல்-லின் டிராஃப்ட் நடந்தது. முதல் வாய்ப்பு உள்ளூர் அணியான மான்ட்ரியால் கனேடியன்ஸிடம் இருந்தது. பல மாதங்களாக முதலிடத்துக்குப் பேசப்பட்ட பெயர் ஷேன் ரைட். 18 வயது. கோலும் அடிப்பார், தடுப்பாட்டமும் ஆடுவார். லீக்கின் ஸ்கவுட்டிங் பிரிவு வெளியிட்ட இறுதிப் பட்டியலில் வட அமெரிக்க வீரர்களில் அவருக்குத்தான் முதலிடம்.

ஆனால் மான்ட்ரியால் அறிவித்த பெயர் ஸ்லோவாக்கியாவின் யுராய் ஸ்லாஃப்கோவ்ஸ்கி. அடுத்து நியூ ஜெர்சி எடுத்தது சிமோன் நெமெட்ஸை. மூன்றாவதாக அரிசோனா எடுத்தது லோகன் கூலியை. நான்காவதாகத்தான் சியாட்டில் கிராக்கன் அணி ரைட்டின் பெயரைச் சொன்னது. மேடைக்குப் போகும் வழியில் அவர் மான்ட்ரியால் அணியின் மேஜையை முறைத்துப் பார்த்ததாக ஒரு வீடியோ வைரலானது.

அப்படி என்னதான் நடந்தது? 'எல்லாம் தெரிந்த' ஒரு வீரரை மூன்று அணிகள் ஏன் தாண்டிப் போயின? இதைப் புரிந்துகொள்ள, முதலில் சில அடிப்படை விஷயங்களைப் பார்த்துவிடலாம்.

டிராஃப்ட் என்றால் என்ன?

ஐ.பி.எல் ஏலத்தில் யாரிடம் பணம் அதிகமோ அவர்கள் கையைத் தூக்கலாம். என்.ஹெச்.எல் டிராஃப்ட் அப்படி இல்லை. இங்கே ஏலமே கிடையாது, வரிசைதான். கடந்த சீசனில் மோசமாக ஆடிய அணிகளுக்கு முன்வரிசை. வேண்டுமென்றே தோற்று முதலிடத்தைப் பிடிப்பதைத் தடுக்க, முதல் இரண்டு இடங்களுக்குக் குலுக்கல் உண்டு. மொத்தம் 7 சுற்றுகள். 2021-22 சீசனில் 32 அணிகளில் கடைசியாக வந்தது மான்ட்ரியால். குலுக்கலிலும் அந்த அணிக்கே அதிர்ஷ்டம் அடித்தது.

தேர்வாகிறவர்களில் பெரும்பாலானோருக்கு 18 வயதுதான். எந்த ஊர், எந்த அணி என்று அந்தப் பையன் தேர்வு செய்ய முடியாது. யார் பெயரைச் சொல்கிறார்களோ, அந்த அணிக்குத்தான் அவருடைய உரிமை. அணிகளின் பக்கமும் பதற்றம் குறைவில்லை. முதல் ஐந்துக்குள் ஒரு வாய்ப்பு எல்லா வருடமும் வராது. அதில் தப்புக் கணக்குப் போட்டால் பல வருடங்களுக்கு வலிக்கும்.

'டூ-வே' ஃபார்வர்டு யார்?

ஐஸ் ஹாக்கியில் ஒரு அணிக்கு ஒரே நேரத்தில் ஆறு பேர் களத்தில் இருப்பார்கள். கோல்கீப்பர், இரண்டு டிஃபன்ஸ், மூன்று ஃபார்வர்டு. ஃபார்வர்டின் முதல் வேலை கோல் அடிப்பது. ஆனால் எதிரணி 'பக்'கைப் (ரப்பர் வட்டு) பறித்துக்கொண்டு நம் பக்கம் பாயும்போது அவர் என்ன செய்கிறார் என்பதுதான் கேள்வி. சிலர் பாதியிலேயே நின்றுவிடுவார்கள். சிலர் முழு வேகத்தில் திரும்பி வந்து, எதிராளியின் பாஸ் போகும் பாதையில் ஸ்டிக்கை நீட்டி, பக்கைப் பறித்து, அங்கிருந்தே அடுத்த தாக்குதலைத் தொடங்குவார்கள். இந்த இரண்டாவது வகைதான் டூ-வே ஃபார்வர்டு.

என்.ஹெச்.எல் களத்தின் நீளம் 200 அடி. அதனால் இவர்களுக்கு '200 அடி வீரர்' என்றும் ஒரு பெயர் உண்டு. அணியில் ஒரு ஆள் குறைவாக இருக்கும்போது கோல் விழாமல் காப்பது, நம் கோலுக்குப் பக்கத்தில் நடக்கும் ஃபேஸ்-ஆஃபில் பக்கை வெல்வது, கடைசி நிமிடத்தில் ஒரு கோல் முன்னிலையைக் காப்பாற்றுவது என்று பயிற்சியாளர் நம்பி அனுப்புவது இவர்களைத்தான். குறிப்பாக 'சென்டர்' இடத்தில் ஆடுபவருக்கு இந்தப் பொறுப்பு அதிகம்.

ரைட்டின் கணக்கு எங்கே இடித்தது?

ரைட் சாதாரணப் பையன் இல்லை. ஒன்டாரியோ ஜூனியர் லீக்கில் வழக்கமாக 16 வயதில்தான் நுழைய முடியும். 2019-ல் ரைட்டுக்குச் சிறப்பு அனுமதி கொடுத்து 15 வயதிலேயே சேர்த்தார்கள். அதே லீக்கில் அவருக்கு முன் அந்த அனுமதி பெற்ற ஜான் டவாரெஸ், ஆரோன் எக்ப்ளாட், கானர் மெக்டேவிட் மூவருமே பிறகு டிராஃப்ட்டில் முதலிடம் பிடித்தவர்கள். அந்த எதிர்பார்ப்பு மொத்தமும் ரைட் தோளில் ஏறியது. முதல் சீசனில் கிங்ஸ்டன் அணிக்காக 58 ஆட்டங்களில் 39 கோல் அடித்து அதை நியாயப்படுத்தவும் செய்தார்.

அடுத்து வந்தது கொரோனா. 2020-21-ல் ஒன்டாரியோ லீக் நடக்கவே இல்லை. வளர வேண்டிய வயதில் ஒரு முழு சீசன் போனது. 2021-ல் டெக்சாஸில் நடந்த 18 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் கனடாவின் கேப்டனாக 5 ஆட்டங்களில் 9 கோல் அடித்துத் தங்கம் வென்றதுதான் ஆறுதல்.

2021-22-ல் 63 ஆட்டங்களில் 32 கோல், 62 அசிஸ்ட், மொத்தம் 94 பாயின்ட். நல்ல கணக்குதான், சந்தேகமே இல்லை. ஆனால் 15-16 வயதில் 39 கோல் அடித்தவர் 17-18 வயதில் 32 கோல் என்றதும் புருவங்கள் உயர்ந்தன. 'பொறுப்பானவர்', 'பாதுகாப்பான தேர்வு' என்ற பாராட்டுகளே மெல்ல மெல்லக் குறையாக மாறின. 'சரி, பாதுகாப்பானவர். ஆனா ஸ்டார் ஆவாரா?' என்ற கேள்வி வந்தது.

அதே நேரத்தில் ஸ்லாஃப்கோவ்ஸ்கி 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில், 17 வயதில், பெரியவர்களோடு ஆடி 7 ஆட்டங்களில் 7 கோல் அடித்தார். ஸ்லோவாக்கியாவுக்கு வெண்கலம். தொடரின் மிகச்சிறந்த வீரர் விருதும் அவருக்கே. உயரமும் உடல்பலமும் கூடுதல். இத்தனைக்கும் ஃபின்லாந்து லீக்கில் அந்த சீசனில் 31 ஆட்டங்களில் 10 பாயின்ட்தான் எடுத்திருந்தார். அதாவது ரிஸ்க் அதிகம், ஆனால் எட்டக்கூடிய உயரமும் அதிகம்.

குறைந்தபட்சமா, அதிகபட்சமா?

ஒவ்வொரு டிராஃப்ட்டிலும் அடிப்படைச் சண்டை இதுதான். 'எல்லாமே தப்பாகப் போனாலும் இவர் எவ்வளவு தேறுவார்?' என்பது ஒரு கேள்வி. 'எல்லாமே சரியாக நடந்தால் இவர் எவ்வளவு தூரம் போவார்?' என்பது இன்னொன்று. டூ-வே வீரர் முதல் கேள்வியில் ஜெயிப்பார். முதல் மூன்று இடங்களிலோ அணிகள் பெரும்பாலும் இரண்டாவது கேள்வியைத்தான் கேட்கின்றன.

இன்னொரு சிக்கல், தடுப்பாட்டத்தை எண்களில் பிடிப்பது. கோல் அடித்தால் ஸ்கோர்போர்டில் ஏறும். விழ வேண்டிய கோலை ஒருவர் ஓடிவந்து தடுத்தால் எங்கேயும் ஏறாது. ஒருவர் களத்தில் இருக்கும்போது அணி போட்ட கோலையும் வாங்கிய கோலையும் கழித்துப் பார்க்கும் 'பிளஸ்-மைனஸ்' கணக்கு உண்டு. ஆனால் அது கூட ஆடும் நான்கு பேரையும் கோல்கீப்பரையும் பொறுத்தது. ஜூனியர் லீக் பையனின் தடுப்பாட்டத்துக்குக் கடைசியில் ஸ்கவுட்டின் கண்தான் சாட்சி. கண்ணுக்குக் கண் அபிப்ராயம் மாறும்.

வரலாறு என்ன சொல்கிறது?

தடுப்பாட்டத்தில் சிறந்த ஃபார்வர்டுக்கு என்.ஹெச்.எல் தரும் விருது 'செல்கி டிராஃபி'. 1978 முதல் தரப்படுகிறது. இதை வென்ற சிலர் டிராஃப்ட்டில் எங்கே எடுக்கப்பட்டார்கள் என்று பாருங்கள்.

* பவெல் டட்சியுக்: 1998-ல் 171-வது இடம். 3 முறை செல்கி.
* பேட்ரிஸ் பெர்ஜெரோன்: 2003-ல் 45-வது இடம். 6 முறை, இதுதான் சாதனை.
* அன்ஸே கோபிடார்: 2005-ல் 11-வது இடம். 2016, 2018.
* ஜோனத்தன் டேவ்ஸ்: 2006-ல் 3-வது இடம். 2013.
* ரயன் ஓ'ரெய்லி: 2009-ல் 33-வது இடம். 2019.
* அலெக்சாண்டர் பார்கோவ்: 2013-ல் 2-வது இடம். 2021, 2024, 2025.

'பார்த்தீர்களா, டூ-வே வீரர்களை அணிகள் குறைத்து மதிப்பிடுகின்றன' என்று சொல்லத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். பெர்ஜெரோன் போல ஜெயித்தவர்களைத்தான் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அதே '200 அடி வீரர்' பட்டத்தோடு வந்து காணாமல் போனவர்களை யாரும் பட்டியல் போடுவதில்லை.

அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. இவர்கள் யாருமே வெறும் தடுப்பாட்டக்காரர்கள் இல்லை. டட்சியுக் 2007-08, 2008-09 இரண்டு சீசன்களிலும் தலா 97 பாயின்ட் எடுத்துக்கொண்டே செல்கி வென்றார். கோபிடார் 2017-18-ல் 92 பாயின்ட். பெர்ஜெரோன் ஓய்வு பெறும்போது 1,040 பாயின்ட். ஆக, டூ-வே ஃபார்வர்டைப் பற்றிய உண்மையான கேள்வி 'தடுப்பாரா?' என்பதல்ல. 'பெரியவர்களுக்கு எதிராகவும் கோல் அடிப்பாரா?' என்பதுதான்.

அதற்கு முன்கூட்டியே பதில் வைத்திருந்தவர் பார்கோவ். டிராஃப்ட்டுக்கு முன்பே ஃபின்லாந்தின் ஆண்கள் லீக்கில் 53 ஆட்டங்களில் 48 பாயின்ட் எடுத்திருந்தார். அந்த ஆண்டு வட அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தவர் டிஃபன்ஸ் வீரர் சேத் ஜோன்ஸ். ஃபுளோரிடா பாந்தர்ஸ் அவரை விட்டுவிட்டு பார்கோவை எடுத்தபோது கேள்விகள் எழுந்தன. ஜோன்ஸ் 4-வது இடத்துக்கு இறங்கினார். பார்கோவ் கேப்டனாகி 2024, 2025 இரண்டு ஆண்டுகளும் ஸ்டான்லி கோப்பையைத் தூக்கினார். 2025 அணியில் அவரோடு இருந்தவர்களில் ஒருவர், டிரேடில் வந்து சேர்ந்த அதே சேத் ஜோன்ஸ்!

அப்படியானால் மான்ட்ரியால் செய்தது சரியா?

2024-25 சீசன் கணக்கைப் பார்ப்போம். கூலி 65 பாயின்ட், ஸ்லாஃப்கோவ்ஸ்கி 51, ரைட் 44. ரைட்டுக்கு அதுதான் என்.ஹெச்.எல்-லில் முதல் முழு சீசன். அதற்கு முன் இரண்டு சீசன்களிலும் தலா 8 ஆட்டங்கள்தான் ஆடியிருந்தார். மீதி நேரம் ஜூனியர் லீக்கிலும் இரண்டாம் நிலை லீக்கிலும் போனது. 'உடனே ஆடத் தயார்' என்று பேசப்பட்டவருக்கே மூன்றாவது சீசன் வரை நேரம் தேவைப்பட்டது. ஸ்லாஃப்கோவ்ஸ்கியும் முதல் சீசனில் 39 ஆட்டங்களில் 10 பாயின்ட் எடுத்துத் திணறியவர்தான். ஆனாலும் 2024-ல் மான்ட்ரியால் அவரோடு ஆண்டுக்கு 76 லட்சம் டாலர் வீதம் 8 ஆண்டு ஒப்பந்தம் போட்டது.

இந்த எண்களின்படி மான்ட்ரியால் முடிவு தப்பு என்று சொல்ல முடியாது. கூலியை விட்டதற்காக வேண்டுமானால் கேட்கலாம். ரைட் ஏமாற்றம் என்று சொல்வதும் நியாயமில்லை. 21 வயதில் 79 ஆட்டங்களில் 19 கோல் என்பது சின்ன விஷயம் இல்லை. சென்டர்கள் முழுசாகத் தேற சில வருடங்கள் ஆகும் என்பதற்கு பார்கோவே சாட்சி. முதல் செல்கி அவருக்குக் கிடைத்தது தேர்வாகி 8 ஆண்டுகள் கழித்து.

அடுத்த டிராஃப்ட்டில் எதைக் கவனிக்கலாம்?

இனி ஒரு 17 வயதுப் பையனை 'பொறுப்பான டூ-வே ஃபார்வர்டு' என்று யாராவது புகழ்ந்தால் மூன்று விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, அவருடைய கோல் கணக்கு வருடா வருடம் ஏறுகிறதா? இரண்டு, தன்னைவிட வயதில் மூத்தவர்களுக்கு எதிராக ஆடியபோது என்ன செய்தார்? மூன்று, பக்கைப் பறித்த பிறகு பத்திரமாக வெளியே தள்ளுகிறாரா, அங்கிருந்தே தாக்குதலைக் கட்டுகிறாரா?

மூன்றுக்கும் பதில் நன்றாக இருந்தால், அவரை 'பாதுகாப்பான தேர்வு' என்று சுருக்க வேண்டியதில்லை. தைரியமாக மேலே எடுக்கலாம். பதில் இல்லை என்றால், பாதுகாப்பு என்ற வார்த்தையும் அணியைக் காப்பாற்றாது. ஷேன் ரைட் விஷயத்தில் முதல் கேள்விக்கான பதிலைக் கொரோனா பாதியில் நிறுத்திவிட்டது. மீதிப் பதிலை அவர் இப்போது சியாட்டிலில் எழுதிக்கொண்டிருக்கிறார்.