பேரை எடுத்துட்டா போதுமா? டேட்டா சயின்ஸோடு அறத்தையும் சொல்லித்தரும் பேராசிரியை!

``கவலைப்படாதீங்க, உங்க பேரை எடுத்துட்டுத்தான் டேட்டாவைக் கொடுப்போம்!'' மொபைல் ஆப் முதல் இன்ஷூரன்ஸ் வரை எல்லோரும் தரும் வாக்குறுதி இது. பேரை எடுத்துட்டா நாம யாருன்னு தெரியாதா? இந்தக் கேள்வியைச் சுற்றியே தன் ஆசிரியர் வாழ்க்கையை அமைத்துக்கொண்டவர், அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியை லட்டான்யா ஸ்வீனி.

20 டாலரில் உடைந்த ரகசியம்

1990-களில் மாசசூசெட்ஸ் மாநில அரசு ஊழியர்களின் மருத்துவப் பதிவுகள், பெயர் நீக்கப்பட்டு ஆய்வாளர்களுக்குத் தரப்பட்டன. ஆனால் பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றும் அப்படியே இருந்தன. அப்போது எம்.ஐ.டி-யில் படித்துக்கொண்டிருந்த ஸ்வீனி, கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலை 20 டாலருக்கு வாங்கி, இரண்டையும் ஒப்பிட்டார். மாநில ஆளுநர் வில்லியம் வெல்டின் பிறந்த தேதி கொண்டவர்கள் பட்டியலில் 6 பேர். அதில் ஆண்கள் 3 பேர். அவருடைய அஞ்சல் குறியீட்டில் இருந்தவர் ஒரே ஒருவர். அவ்வளவுதான், ஆளுநரின் மருத்துவப் பதிவு எதுன்னு தெரிஞ்சுபோச்சு!

அமெரிக்கர்களில் 87 சதவிகிதம் பேரை இந்த மூன்று விவரங்களை வைத்தே தனியாக அடையாளம் காண வாய்ப்பிருக்கிறது என்று 2000-ல் அவர் கணக்கிட்டார்.

தீர்வும் அவரே சொன்னார்

குறை சொல்வதோடு அவர் நிற்கவில்லை. `கே-அனானிமிட்டி' என்ற முறையை முன்வைத்தார். பிறந்த தேதிக்குப் பதில் வருடம் மட்டும், அஞ்சல் குறியீட்டில் கடைசி எண்கள் இல்லாமல்... இப்படி விவரங்களை மங்கலாக்கினால், ஒரே மாதிரி பலர் இருப்பார்கள். கூட்டத்துக்குள் ஒருவரைத் தனியாகப் பிரிப்பது கஷ்டம்.

2001-ல் எம்.ஐ.டி-யில் கம்ப்யூட்டர் சயின்ஸில் முனைவர் பட்டம் பெற்றார். அங்கு அந்தப் பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் இவர்தான்.

விளம்பரத்திலும் பாகுபாடு

தன் பெயரை இணையத்தில் தேடியபோது, `கைதானவரா?' என்று கேட்கும் விளம்பரம் வந்தது. உடனே 2,000-க்கும் மேற்பட்ட பெயர்களைத் தேடிப் பார்த்தார். கறுப்பினத்தவர் வைக்கும் பெயர்களுக்கே இந்த மாதிரி விளம்பரம் அதிகம் வருவதை 2013-ல் கட்டுரையாக வெளியிட்டார்.

இவரிடம் நாம கத்துக்க வேண்டியது இதுதான்: அறம்னா கடைசி வகுப்பில் சொல்லும் அறிவுரை இல்லை, அளந்து, எண்ணி, நிரூபிக்க வேண்டிய பாடம். டேட்டா சயின்ஸ் சொல்லித்தர ஆசைப்படுறவங்க கோடிங், புள்ளியியலோடு சட்டத்தையும் சமூகத்தையும் சேர்த்துப் படிங்க.

மத்தவங்க? அடுத்த முறை கடையில் பில் போடும்போது பிறந்த தேதி கேட்டா, ``எதுக்குங்க?''ன்னு ஒரு வார்த்தை கேளுங்க!