பெருத்த வண்டிகளும் பின்னிருக்கும் சட்டங்களும்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் பிக்கப் வண்டிக்கு இருக்கும் செல்வாக்கு வியப்பளிப்பது. ஃபோர்டு நிறுவனத்தின் எஃப் வரிசைப் பிக்கப், பல ஆண்டுகளாக அந்நாட்டின் எல்லாக் கார்களையும் விற்பனையில் விஞ்சி நிற்கிறது. 2018-இல் அந்நிறுவனம், மஸ்டாங் போன்ற ஒன்றிரண்டைத் தவிர ஏனைய கார்களை அங்கு விற்பதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக அறிவித்தது. காரால் உலகப் புகழ் பெற்ற நிறுவனமே காரைக் கைவிடக் காரணம் யாது?

“மக்கள் விரும்புகின்றனர், விற்கின்றனர்” என்பது எளிய விடை. உயரமான இருக்கை, படகையும் இழுத்துச் செல்லும் வலிமை, பனியிலும் மேடுபள்ளத்திலும் ஓடும் திறன் ஆகியவற்றை விரும்புவோர் பலர் உண்டு. ஆனால் இவ்விடை முழுமையானதன்று. அவ்விருப்பத்திற்குச் சட்டமும் வரியும் துணை நின்றுள்ளன.

கதை கோழியில் தொடங்குகிறது என்றால் நண்பர்கள் நகைக்கலாம். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கோழி இறைச்சி ஐரோப்பாவில் மலிவாக விற்றது. ஐரோப்பியப் பொதுச் சந்தை நாடுகள் அதன்மீது தீர்வையை உயர்த்தின. பதிலடியாக அமெரிக்கா 1964-இல் பிராந்தி முதலிய சில பொருள்களின் மீதும், இறக்குமதியாகும் சிறு லாரிகளின் மீதும் தீர்வையை ஏற்றியது. லாரிக்கு 25 விழுக்காடு. பிராந்தித் தீர்வை பின்னர் நீங்கியது. லாரித் தீர்வையோ நிலைத்துவிட்டது. அயல்நாட்டுப் போட்டி குன்றவே, உள்நாட்டு நிறுவனங்களுக்குப் பிக்கப் நல்ல வருவாய் தரும் பொருளாயிற்று.

அடுத்தது எண்ணெய். 1973-இல் எண்ணெய் நெருக்கடி தோன்றியது. 1975-இல் அமெரிக்கா எரிபொருள் சிக்கனச் சட்டம் இயற்றியது. கார்களுக்குக் கடுமையான இலக்கு. உழவரும் தச்சரும் தொழிலுக்குப் பயன்படுத்தும் சிறு லாரிகளுக்குத் தளர்ந்த இலக்கு. அச்சலுகையின் வழியே எஸ்.யு.வி. நுழைந்தது. 1990-இல் வெளிவந்த ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர், பிக்கப் வண்டியின் சட்டகத்தின்மீது அமைக்கப்பட்டது. குடும்பம் ஏறிச் செல்லும் வண்டி. சட்டத்தின் கண்ணுக்கோ அது லாரி! 2011-ஆம் மாதிரி ஆண்டு முதல், நான்கு சக்கரங்களுக்கு இடைப்பட்ட பரப்பு பெருகப் பெருக இலக்கும் தளரும் என்று விதி மாறியது. வண்டியைப் பெரிதாக்குவதே ஆதாயம் என்றாயிற்று. 2025-இல் இலக்கை மீறியதற்கான தண்டத் தொகையே சுழியாக்கப்பட்டது.

இனிப் பயனைப் பார்ப்போம். நான்கு கதவு கொண்ட எஃப்-150 வண்டியின் ஒரு வகை ஏறத்தாழ 5.9 மீட்டர் நீளம். அதில் சரக்கு ஏற்றும் தொட்டியின் நீளம் ஐந்தரை அடியே. ஜப்பானில் ‘கெய்’ எனப்படும் குட்டி லாரிகள் உண்டு. அவற்றின் மொத்த நீளம் 3.4 மீட்டரைத் தாண்டக் கூடாது. ஆயினும் அவற்றில் பலவற்றின் சரக்குத் தட்டு ஆறடிக்கு மேல் நீண்டிருக்கிறது. எடை தாங்குவதில் அமெரிக்க வண்டியே மேல்; கெய் லாரிக்கு வரம்பு 350 கிலோ. நாள்தோறும் பளு இழுப்பவருக்கு எஃப்-150 தகும். ஒருவர் மட்டும் அமர்ந்து அலுவலகம் சென்று வர அது எதற்கு? யானையைக் கட்டித் தீனி போட்ட கதைதான்.

தீனிச் செலவு உடையவரோடு நிற்கும். உயிர்ச் செலவோ பிறரைச் சாரும். தாழ்ந்த முகப்புடைய கார் மோதினால் அடி பெரும்பாலும் காலில் விழும். மனிதன் பானெட்டின்மேல் சரிவான். உயர்ந்த முகப்போ மார்பிலும் தலையிலும் தாக்கி, அவனைக் கீழே தள்ளும். முகப்புக்கு நேர்முன் நிற்கும் குழந்தை ஓட்டுநரின் கண்ணுக்கே தெரியாமலும் போகலாம். அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் கழகம் 2023-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. முகப்பு 40 அங்குலத்திற்கு மேல் உயர்ந்த வண்டிகள் மோதும்போது பாதசாரி இறக்கும் வாய்ப்பு, 30 அங்குலமோ அதற்குக் குறைவாகவோ உயர்ந்து சரிந்த முகப்புடைய வண்டிகளைவிட ஏறத்தாழ 45 விழுக்காடு மிகுதி என்பது அதன் முடிவு. 2009-இல் அந்நாட்டுச் சாலைகளில் மாண்ட பாதசாரிகள் ஏறத்தாழ 4,100 பேர். 2022-இல் 7,500 பேருக்கு மேல். வேகமும் இருளும் சாலை அமைப்பும் இதற்குக் காரணங்களே. எனினும் வண்டியின் உருவத்தை விலக்கிவிட்டுக் கணக்குப் பார்த்தல் இயலாது.

“பிறர் பெரிய வண்டி வைத்திருக்கையில் நான் சிறியதில் சென்றால் நசுங்குவேனே” என்று அஞ்சி வாங்குவோரும் உளர். அச்சம் நியாயமானதே. ஆனால் ஒருவர் அச்சம் மற்றவர் அச்சத்தை வளர்க்கிறது. நடந்து செல்பவனுக்கு இப்போட்டியில் இடமே இல்லை.

சட்டம் வண்டியைச் செதுக்கும் என்பதற்கு நம் நாடும் சான்று. 2006-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம், நான்கு மீட்டருக்கு உட்பட்ட, சிறிய எஞ்சின் கொண்ட கார்களுக்கு உற்பத்தி வரியைக் குறைத்தது. விளைவாக மாருதி பிரெஸா போன்ற வண்டிகள் 3,995 மில்லிமீட்டரில் நின்றன! 2025 செப்டம்பரில் திருத்திய சரக்கு, சேவை வரியிலும் அந்த நான்கு மீட்டர் எல்லை உண்டு. நீளத்திற்கு எல்லை வகுத்தோம். முகப்பின் உயரத்தை வரி கேட்பதில்லை. நடைபாதை இல்லாத தெருக்கள் மிகுந்த நாட்டில் அதையன்றோ முதலில் கேட்க வேண்டும்? நாளை வண்டிகளை வரையப்போகும் பொறியியல் மாணவரும், விதிகளை எழுதப்போகும் சட்ட மாணவரும் நம்மிடையே உள்ளனர். வண்டியின் வெளியே நிற்பவனையும் கணக்கில் சேர்ப்பது அவர்கள் கடமை.