ஆழ்கடலில் தோன்றிய ஒளி



கல்முனைக் கரையில் வாழ்வோருக்குக் கடலைப் பற்றி எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. கரைவலை இழுப்போருக்கு அது அன்றாட உணவு. 2004 டிசம்பர் 26 அன்று உறவுகளைப் பறிகொடுத்த முஸ்லிம், இந்து, கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு அது ஆறாத துயரம். 'வானம் ஏன் மௌனமாயிருந்தது?' என்று அந்நாளில் கேட்காத நெஞ்சம் அரிது. அம்மௌனத்தைப் பற்றிச் சிந்திக்க, கடலடியில் நிகழும் ஓர் ஆராய்ச்சி நமக்குத் துணைபுரிகின்றது.

நியூத்திரினோ என்பது மின்னேற்றம் அற்ற மிக நுண்ணிய துகள். சூரியனிலிருந்து வருபவை மட்டும் நம் பெருவிரல் நகத்தினூடே நொடிக்கு ஏறத்தாழ 6,500 கோடி கடந்து செல்கின்றன, நாம் உணர்வதில்லை. அண்டவெளியின் தொலைவிலிருந்து பன்மடங்கு ஆற்றலோடு வருபவையும் உண்டு. காந்தப்புலம் அவற்றைத் திசைதிருப்புவதில்லை. ஆகவே, பிறந்த இடத்தை அவை நேராகச் சுட்டுகின்றன.

அவற்றைக் கண்டறிய, பிற கதிர்கள் எளிதில் எட்டாத ஆழமும் இருளும் வேண்டும். தமிழ்த் தொழிலாளர் பலர் உழைத்த கோலார் தங்கச் சுரங்கத்தில், 2 கிலோமீற்றருக்கும் கீழே, வளிமண்டலத்தில் பிறந்த நியூத்திரினோக்களின் தடயம் 1965 இல் கிடைத்தது. அண்டவெளியிலிருந்து வந்த உயர் ஆற்றல் நியூத்திரினோக்களைத் தென்துருவப் பனிக்குள் அமைந்த ஐஸ்கியூப் ஆய்வுக்கூடம் 2013 இல் அறிவித்தது.

சிசிலித் தீவுக்கு அப்பால், மத்தியதரைக் கடலில் 3,450 மீற்றர் ஆழத்தில், ஒளியுணரிகளைத் தாங்கிய கண்ணாடிக் கோளங்கள் வரிசையாக நிற்கின்றன. நியூத்திரினோ ஒன்று அணுவொன்றில் மோதினால் மியூவோன் என்னும் துகள் பிறக்கும். அது நீரில் விரையும்போது நீல ஒளி தோன்றும். 2023 பெப்ரவரி 13 அன்று அத்தகைய பேரொளி பதிவாயிற்று. ஈராண்டு ஆராய்ந்த பின், 2025 இல் அறிஞர் முடிவை வெளியிட்டனர். அதுவரை கண்டறியப்பட்ட எந்த நியூத்திரினோவையும்விட அதன் ஆற்றல் ஏறத்தாழ 30 மடங்கு. அது எங்கிருந்து வந்ததென்பது இன்னும் புலப்படவில்லை.

அன்பர்களே, இத்துகள் நம் துயரத்திற்கு விடை தருவதில்லை. எனினும், ஒன்றை உணர்த்துகின்றது. அமைதியான இருளிலும் கணந்தோறும் எண்ணற்றவை நம்மைத் தொட்டுச் செல்கின்றன. அவற்றுள் ஒன்றை அறிவதற்கே ஆண்டுக்கணக்கான பொறுமை தேவைப்படுகின்றது. நம் மன்றாட்டுக்கு மறுமொழி கேட்கவில்லையே எனச் சோர்ந்திருக்கும் இல்லங்களே, கேளாத செவியை வைத்து வானம் வெறுமையென்று முடிவுகட்டாதீர்கள். ஆழத்தில் காத்திருங்கள், அருகில் அழுகின்ற அயலவரோடு சேர்ந்து காத்திருங்கள்.