ஒரு சிட்டிகை மை

மார்கழி மாதம், ஆருத்ரா தரிசனத்துக்கு மறுநாள் காலை. திருவண்ணாமலையில் ரமணாசிரமத்துக்கு எதிரே, செங்கம் சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளியிருக்கும் ஒரு வீட்டுத் திண்ணையில் நாமும் நமது போட்டோக்காரரும் உட்கார்ந்திருந்தோம். ஆசிரமத்து மயில்களைப் படம் பிடிக்கத்தான் வந்தோம். மயில்கள் ஒத்துழைக்கவில்லை. ஆனால் வீட்டுக்குள்ளே ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. பத்திரிகைக்காரன் காதுக்கு அதைவிட இனிய சங்கீதம் உண்டா?

சண்டை ஒரு சிட்டிகை மையைப் பற்றியது.

கார்த்திகை தீபத்தன்று 2,668 அடி உயரமுள்ள அந்த மலையின் உச்சியில், ஆளுயரக் கொப்பரையில் ஏற்றுகிற தீபம் பதினொரு நாட்கள் எரிகிறது. அதற்கு ஆயிரக்கணக்கான கிலோ நெய்யும் ஆயிரம் மீட்டர் காடாத் துணித் திரியும் வேண்டியிருக்கிறது. பிறகு கொப்பரையில் எஞ்சிய கரியை மையாக்கி, ஆருத்ரா தரிசனத்தன்று நடராஜருக்குச் சாத்தி, பக்தர்களுக்கும் கொடுக்கிறார்கள். அந்தப் பொட்டலம்தான் பாட்டியின் கையில். அதோடு, கரிசலாங்கண்ணிச் சாற்றில் நனைத்து உலர்த்திய திரியை விளக்கெண்ணெயில் எரித்து, கவிழ்த்த தட்டில் படிந்த புகையைச் சுரண்டித் தாமே எடுத்த மையையும் குழைத்துக்கொண்டு, நான்கு மாதக் கொள்ளுப் பேரனின் கண்ணை நோக்கி விரலை நீட்டினார். குழந்தையின் தாய், பௌதிகத்தில் எம்.எஸ்ஸி. தேறியவள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு ஓடி வந்துவிட்டாள்.

"படிச்சுட்டா சாமி மைகூட ஆகாதாம்! நீங்களே கேளுங்க தம்பி!" என்றார் பாட்டி நம்மைப் பார்த்து.

"மையை வேண்டாம்னு யார் சொன்னா பாட்டி? கண்ணுக்குள்ள வேண்டாம்னுதான் சொல்றேன். இதே புகைக் கரிக்காகத்தான் பெரிய பெரிய ஆராய்ச்சிக்கூடமெல்லாம் தவம் கிடக்குது, தெரியுமா?"

"பாத்தீங்களா? அவளே ஒத்துக்கிட்டா!"

பாட்டி ஜயித்துவிட்டதாகவே நினைத்தார். நாமோ நோட்டுப் புத்தகத்தை எடுத்தோம்.

விளக்குச் சுடருக்குப் போதுமான காற்றுக் கிடைக்காதபோது, எண்ணெயிலுள்ள கரி முழுதும் எரியாமல் புகையாய் மேலே போகிறது. தட்டில் படியும் அந்தத் தூளைப் பெரிய நுண்நோக்கியில் வைத்துப் பார்த்தால் வெங்காயம்போல் அடுக்கடுக்கான சிறு உருண்டைகள் தெரியும். அவற்றின் நடுவே எப்போதாவது ஓர் அதிசயம்: கரியணுக்களாலான குழாய்! கான்பூர் ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் சப்யசாசி சர்க்காரும் சகாக்களும் கடுகெண்ணெய் விளக்கின் புகையைச் சேகரித்து, அமிலத்தில் பக்குவம் செய்து, தண்ணீரில் கரையும் கரிக்குழாய்களைப் பிரித்தெடுத்து 2005-ல் எழுதினார்கள். கடுகெண்ணெயில் கண்டதை அப்படியே மலைமேல் ஏற்றிச் சொல்வது நியாயமல்ல. ஆனாலும் நம் வீட்டு மாடத்தில் இருக்கும் சரக்கு எந்த ஜாதி என்பது இதிலிருந்து விளங்குகிறதல்லவா?

அந்தக் குழாய் எப்படி இருக்கும்? தேன்கூட்டைப் போல அறுகோணக் கட்டங்களாகவே பின்னிய ஒரு பாயை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு கரியணு. பாயின் கனம் ஒரே ஓர் அணு. விரித்துக் கிடந்தால் அதன் பெயர் கிராஃபீன்; 2004-ல் மான்செஸ்டரில் அதைத் தனியே உரித்தெடுத்த கைம், நோவோசெலோவ் இருவருக்கும் 2010-ல் நோபல் பரிசு கிடைத்தது. சுருட்டினால் நானோ குழாய். அதன் குறுக்களவு ஒரு நானோமீட்டர் அளவில் இருக்கும். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்கு போட்டால் ஒரு பங்குதான் நானோமீட்டர். நம் தலைமயிரின் கனத்தில் பல்லாயிரம் குழாய்களைப் பக்கம் பக்கமாக அடுக்கலாம்.

வேடிக்கை இனிமேல்தான். பாயை நேராகச் சுருட்டுகிறோமா, கோணலாகச் சுருட்டுகிறோமா என்பதைப் பொறுத்துக் குழாயின் குணமே மாறிவிடுகிறது! ஒரு விதமாகச் சுருண்டால் செம்புக் கம்பிபோல மின்சாரத்தைத் தாராளமாக விடும். இன்னொரு விதமானால், விடவும் செய்யும், தடுக்கவும் செய்யும். டிரான்ஸிஸ்டருக்கு வேண்டிய குணம் அதுதான். 1998-லேயே ஒற்றைக் குழாயில் டிரான்ஸிஸ்டர் செய்து காட்டிவிட்டார்கள்.

பிறகு ஏன் கம்ப்யூட்டரெல்லாம் கரியால் ஆகவில்லை? அரிசியில் கல் கலந்த கதைதான். குழாய்களைத் தயாரித்தால் சாதாரணமாக மூன்றில் ஒன்று செம்புக் கம்பி ரகமாக வந்து சேர்ந்துவிடுகிறது. ஒரு கல் பல்லில் பட்டாலே சோறு வீண். பொறுக்கியும் புடைத்தும், 2013-ல் ஸ்டான்ஃபோர்டில் 178 டிரான்ஸிஸ்டர் கொண்ட சின்னக் கம்ப்யூட்டர் ஒன்று தயாராயிற்று. 2019-ல் எம்.ஐ.டி.யில் 14,000-க்கு மேல் வைத்து ஒரு சில்லு செய்தார்கள். அங்கே அவர்கள் செய்த தந்திரம், கல்லைப் பொறுக்குவதோடு நிற்காமல், மிஞ்சிய கல் பல்லில் படாதபடி சமையலையே மாற்றியமைத்தது. எந்தக் கெட்டிக்கார இல்லத்தரசியும் இதை மெச்சுவாள்.

நமக்குப் பிடித்தது ரேடியோதான். 2007-ல் பெர்க்லியில் அலெக்ஸ் ஜெட்டில் என்ற பேராசிரியர் ஒரே ஒரு குழாயை ரேடியோவாக்கினார். வானொலி அலை பட்டதும் குழாய் நுனி வீணைத் தந்திபோல அதிர்கிறது. ஸ்டேஷன் மாற்ற வேண்டுமா? பிரடையை முறுக்குவதுபோல, மின்னழுத்தத்தால் குழாயை இழுத்துச் சுருதி சேர்க்கிறார்கள். ஏரியல், ஸ்டேஷன் பிடிக்கும் பாகம், ஒலியைப் பிரித்துப் பெருக்கும் பாகம் எல்லாம் அந்த ஒரு குழாயே! வெளியே பாட்டரியும் ஸ்பீக்கரும் மட்டும் வேண்டும். பாட்டும் கேட்டதாம். காற்றில்லாத கூட்டுக்குள்தான் அது பாடும் என்பதால், சமையலறை அலமாரியில் வைக்கலாம் என்று யாரும் ஆசைப்பட வேண்டாம்.

இன்னும் காரியத்துக்கு உதவுகிறவை உண்டு. விஷவாயுவின் சில மூலக்கூறுகள் ஒட்டினாலே குழாயில் ஓடும் மின்சாரம் மாறுவதால், மோப்பம் பிடிக்கும் கருவியாகலாம் என்று 2000-ல் காட்டினார்கள். குழாய்க் கற்றையின் மேல் திரவம் ஓடினால் மில்லிவோல்ட் கணக்கில் மின்சாரம் பிறக்கிறது என்று பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துப் பேராசிரியர் ஏ. கே. சூத்தும் சகாக்களும் 2003-ல் கண்டார்கள். மிக மெல்லிய ஓட்டத்தையும் இதைக் கொண்டு அளக்கலாம். பல பாட்டரிகளுக்குள் இன்றைக்கே இந்தக் கரிக்குழாய் கலந்திருக்கிறது.

இவ்வளவையும் கேட்ட பாட்டி, "அப்போ நம்ம பெரியவங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு!" என்றார்.

இப்படிச் சொல்கிறவர்கள் எம்.ஏ. படித்தவர்களிலும் உண்டு. அவர்களுக்கு ஆதாரமும் அகப்படும். வேலூர் வி.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் கீழடியில் கிடைத்த பானை ஓடுகளின் உட்புறக் கறுப்புப் பூச்சில் கரிக்குழாய்கள் இருப்பதாக 2020-ல் எழுதினார்கள். ஓடுகள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை. பூச்சு இன்னும் உதிரவில்லை! அந்தக் குயவர் சூளையையும் பூச்சையும் அறிந்தவர்; குழாயை அறிந்தவரல்லர். அறியாமலே அவ்வளவு உறுதியாகச் செய்தாரே, அந்தக் கைக்குத்தான் பெருமை. ஜப்பானில் இஜிமா 1991-ல் குழாயைத் தெளிவாகப் படம் பிடித்துக் காட்டிய பிறகுதான் உலகம் அதைத் தேடத் தொடங்கியது. அடுத்த ஆண்டே அதை மொத்தமாகத் தயாரிக்க வழி கண்ட இருவரில் ஒருவர், கேரளத்துக் கொடுங்கல்லூரைச் சேர்ந்த புளிக்கல் அஜயன்.

"சரி, இத்தனை உசத்தியான சரக்கு குழந்தைக்கு மட்டும் ஏன் ஆகாது?" பாட்டி விடுவதாக இல்லை.

"உசத்தின்னாலும் பொடிப் பொடியா இருக்கே பாட்டி. நாம கண்ணால பார்க்க முடியாத பொடி. நீளமான குழாயை எலி உடம்புல செலுத்திப் பார்த்தப்போ கல்நார் மாதிரியே புண்ணாக்குச்சுன்னு 2008-ல எழுதியிருக்காங்க. அது ஆராய்ச்சிக்கூடத்துக் குழாய், உங்க மையில்ல, ஒத்துக்கறேன். ஆனா விரலழுக்கும் கரித்தூளும் கண்ணுக்குள்ள போனா நாலு மாசக் குழந்தைக்குச் சொல்லத் தெரியுமா? கடை மை சிலதுல ஈயமே இருக்கு. குழந்தை டாக்டருங்க எல்லாரும் கண்ணுக்கு மை வேண்டாம்னுதான் சொல்றாங்க."

பாட்டி சற்று நேரம் பேசவில்லை. ஐந்து குழந்தைகளுக்கும் ஒன்பது பேரக் குழந்தைகளுக்கும் மையிட்ட விரல் அது. அதைப் போய் அழுக்கு என்றால் மனசு நோகாதா? பேத்திக்கும் அது உறைத்திருக்க வேண்டும். குழந்தையைப் பாட்டியின் மடியில் கொண்டுவந்து கிடத்தினாள்.

"கன்னத்துல வையுங்க பாட்டி. உள்ளங்கால்லயும் வையுங்க. எவ்வளவு பெரிசா வேணும்னாலும் வையுங்க."

பாட்டி வைத்தார். கன்னத்தில் கால் ரூபாய் அளவுக்கு ஒன்று, இரண்டு உள்ளங்காலிலும் ஒவ்வொன்று. மிச்சத்தைத் தம் கண்ணிலேயே தீட்டிக்கொண்டு, "என்னை ஒண்ணும் பண்ணாது, எழுபத்தெட்டு வருஷமாப் பழகியாச்சு" என்றார்.

நமது போட்டோக்காரர் மூவரையும் சேர்த்து ஒரு படம் எடுத்தார். குழந்தை காலை உதைத்ததில் அவருடைய வெள்ளைச் சட்டையில் மை பட்டது. சென்னை வந்து மூன்று தடவை துவைத்தும் போகவில்லை.