டின் திறப்பான்

டின் திறப்பான் என்பது காற்றுப் புகாதவாறு அடைக்கப்பட்ட உணவு டின்களின் மூடியை வெட்டித் திறப்பதற்குப் பயன்படும் கைக்கருவி ஆகும். தமிழ்நாட்டுப் பாத்திரக் கடைகளில் இது டின் ஓப்பனர், டின் கட்டர் என்னும் பெயர்களில் கிடைக்கின்றது. இலங்கைத் தமிழர் டின்னைப் பேணி என்றும் அழைப்பர். அங்கு டின்மீன் அன்றாட உணவுகளுள் ஒன்று என்பதால் இக்கருவியும் அன்றாடம் புழங்கும் பொருளாக உள்ளது. தமிழ்நாட்டு வீடுகளிலோ சுண்டிய பால், இரசகுல்லா, அன்னாசித் துண்டுகள் போன்றவற்றுக்காக ஆண்டில் சில முறை மட்டுமே தேவைப்படுகின்றது. எப்போதாவது பயன்படும் பொருள் என்பதால் பெரும்பாலும் ஆராயாமல் வாங்கப்படுகின்றது. தேவைப்படும் நாளில் துருப்பிடித்தோ வழுக்கியோ ஏமாற்றுகின்றது. பின்னர் கத்தி, ஆணி, சுத்தியல் ஆகியவற்றைக் கொண்டு டின்னைத் திறக்க முயல்வதே கையில் ஏற்படும் ஆழமான வெட்டுக் காயங்களுக்கு வழிவகுக்கின்றது.

வரலாறு

உணவு டின் தோன்றி ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்த பின்னரே அதைத் திறப்பதற்கான தனிக்கருவி தோன்றியது. பிரான்சு நாட்டின் நிக்கோலா அப்பேர் உணவைக் கண்ணாடிக் குப்பிகளில் அடைத்துச் சூடாக்கிக் காக்கும் முறையை 1810 ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அதே ஆண்டில் பீட்டர் டுராண்ட் என்பவர் உலோகக் கலன்களையும் உள்ளடக்கிய காப்புரிமையை இங்கிலாந்தில் பெற்றார். 1813 இல் பிரையன் டொங்கின், ஜோன் ஹால் ஆகியோரின் இலண்டன் தொழிற்சாலை டின் உணவைத் தயாரிக்கத் தொடங்கியது. அக்கால டின்கள் தடித்த இரும்புத் தகட்டால் ஆனவை. வில்லியம் எட்வர்ட் பாரியின் 1824 ஆம் ஆண்டு வடதுருவப் பயணத்தில் எடுத்துச் செல்லப்பட்ட இறைச்சி டின்னில், அதை உளியும் சுத்தியலும் கொண்டு வெட்டித் திறக்குமாறு குறிப்பு எழுதப்பட்டிருந்தது.

தகடு மெலிந்த பின்னரே கையால் வெட்டுதல் இயலக்கூடியதாயிற்று. 1855 இல் இங்கிலாந்தின் இராபர்ட் யேட்சு கொக்கி வடிவத் திறப்பானைச் செய்தார். ஐக்கிய அமெரிக்காவின் எஸ்ரா வார்னர் 1858 சனவரி 5 அன்று மற்றொரு வகைக்குக் காப்புரிமை பெற்றார். துப்பாக்கிக் கத்தியையும் அரிவாளையும் இணைத்தது போன்ற வடிவம் கொண்ட அக்கருவி அமெரிக்க உள்நாட்டுப் போரில் படையினருக்குப் பயன்பட்டது. ஆயினும் வீட்டில் வைத்துப் பயன்படுத்த அது ஆபத்தானது. மளிகைக் கடைக்காரரே டின்னைத் திறந்து வாடிக்கையாளரிடம் கொடுக்கும் வழக்கமும் அங்கு இருந்தது.

1870 இல் வில்லியம் லைமன் சுழலும் வெட்டுச் சக்கரத்தை அறிமுகப்படுத்தினார். அதன் முனையை மூடியின் நடுவில் குத்தி, டின்னின் அளவுக்கு ஏற்பக் கையைச் சரிசெய்த பின்னரே சுற்ற வேண்டியிருந்தது. 1925 இல் சான் பிரான்சிசுகோவின் ஸ்டார் நிறுவனம் விளிம்பைப் பற்றிக்கொள்ளும் இரண்டாவது சக்கரத்தைச் சேர்த்தது. இன்றைய இருசக்கரத் திறப்பான்களின் அடிப்படை இதுவே.

டின்னின் விளிம்பு

ஒரு திறப்பான் நன்றாக வெட்டுமா என்பதை அறிய டின்னின் விளிம்பை அறிதல் வேண்டும். உடற்பகுதித் தகட்டின் ஓரமும் மூடித் தகட்டின் ஓரமும் ஒன்றையொன்று கொக்கிபோல் பற்றுமாறு மடிக்கப்பட்டு இறுக்கி அழுத்தப்படுகின்றன. இது இரட்டை மடிப்பு எனப்படும். இவ்விளிம்பில் மூடித் தகடு மூன்று அடுக்காகவும் உடல் தகடு இரண்டு அடுக்காகவும், மொத்தம் ஐந்து அடுக்குகள் உள்ளன. உடலை உருளையாக்கி இணைத்த நெடுக்கு மூட்டு மேலே வந்து சேரும் ஓரிடத்தில் விளிம்பு இன்னும் சற்றுத் தடிக்கின்றது. தரம் குறைந்த திறப்பான் வழக்கமாக வழுக்கி நிற்பது இவ்விடத்தில்தான். எனவே திறப்பானைச் சோதிப்பவர், மூட்டு உள்ள இடத்தை அது நிற்காமல் கடக்கின்றதா என்று பார்த்தாலே பெரும்பாலும் போதுமானது.

வகைகள்

குத்தி நெம்பும் வகை மிக எளியது. கூரிய அலகால் மூடியைத் துளைத்து, விளிம்பைத் தாங்கலாகக் கொண்டு நெம்பி நெம்பி முன்னேற வேண்டும். நகரும் உறுப்புகள் இல்லாததால் பழுதாவதற்கு ஏதுமில்லை. விலையும் குறைவு. ஆனால் வெட்டிய ஓரம் அரத்தின் பற்களைப் போல் கரடுமுரடாக இருக்கும். 1942 இல் அமெரிக்கப் படைக்காக உருவாக்கப்பட்ட பி-38 என்னும் மடக்குத் திறப்பான் இவ்வகையின் மிகச் சிறிய வடிவம் ஆகும். ஏறத்தாழ 38 மில்லிமீட்டர் நீளமுள்ள இது சாவிக்கொத்தில் கோக்கத்தக்கது.

இருசக்கர வகையில் இரு கைப்பிடிகளையும் சேர்த்து அழுத்தும்போது வெட்டுச் சக்கரம் மூடியைத் துளைக்கின்றது. கீழேயுள்ள பற்சக்கரம் விளிம்பின் அடியைப் பற்றுகின்றது. வண்ணத்துப்பூச்சிச் சிறகு போன்ற திருகைச் சுற்றினால் டின் தானாக நகர்ந்து வெட்டுப்படும். இடக்கையால் கைப்பிடியைப் பிடித்து வலக்கையால் திருகும்படி இது அமைந்துள்ளது. இடக்கைப் பழக்கமுள்ளோருக்கு இது இடையூறானது என்பதைத் தயாரிப்பாளர் பலர் கருத்தில் கொள்வதில்லை.

பக்கவாட்டில் வெட்டும் வகை, மூடியின் மேற்பரப்பை வெட்டாமல் இரட்டை மடிப்பின் வெளிப்புற அடுக்கை வெட்டுகின்றது. மூடி விளிம்போடு சேர்ந்து கழன்று வரும். அது உணவுக்குள் விழாது. ஓரமும் அத்துணைக் கூர்மையாக இராது. குழந்தைகள் உள்ள வீட்டிற்கு இது ஏற்றது. எனினும் சக்கரங்களின் இடைவெளி மிக நுண்ணியதாக இருக்க வேண்டியிருப்பதால், மலிவான போலிகள் விரைவில் பயனற்றுப் போகின்றன.

தேர்ந்தெடுத்தல்

இருசக்கரத் திறப்பானை வாங்கும்போது கைப்பிடியின் பளபளப்பைவிடச் சக்கரங்களைப் பார்த்தலே முதன்மையானது. கைப்பிடிகளை இறுக்கி மூடி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தல் வேண்டும். வெட்டுச் சக்கரத்தின் ஓரம் பற்சக்கரத்தை ஒட்டினாற்போல் சிறிது மேற்கவிந்து நிற்க வேண்டும். இரண்டுக்கும் இடையே பக்கவாட்டில் அகன்ற வெளிச்சக் கீற்றுத் தெரிந்தால், அது தகட்டை வெட்டாமல் மடக்கித் தள்ளும். பின்னர் திருகை ஒரு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். இடைவெளி கூடியும் குறைந்தும் வந்தால் சக்கரம் மையம் விலகிப் பொருத்தப்பட்டுள்ளது எனக் கொள்ளலாம். கைப்பிடிகளை இணைக்கும் தறையாணி ஆடக்கூடாது. புதியதிலேயே ஆடுவது பயன்பாட்டில் மேலும் தளரும்.

வெட்டுச் சக்கரத்தின் எஃகு மற்றொரு செய்தி. பாத்திரங்களுக்குப் பயன்படும் 304 வகைத் துருவேறா எஃகைச் சூடாக்கிக் குளிர்வித்துக் கடினமாக்க இயலாது. கத்திகளுக்குரிய துருவேறா எஃகை அவ்வாறு கடினமாக்க முடியும். அது காந்தத்தால் ஈர்க்கப்படும். எனவே முழுவதும் துருவேறா எஃகு என்று கூறி விற்கப்படும் திறப்பானின் வெட்டுச் சக்கரத்தில் சிறு காந்தம் சற்றும் ஒட்டாவிட்டால் அதைத் தவிர்ப்பது நன்று. ஒட்டினால் மட்டும் தரமானது என்று ஆகிவிடாது; துருப்பிடிக்கும் சாதாரண எஃகிலும் காந்தம் ஒட்டும். குரோமியம் பூசிய மலிவுச் சக்கரங்களில் பூச்சு செதில் செதிலாக உரிந்து உணவில் விழக்கூடும்.

மூட்டு வலி உள்ளோரும் முதியோரும் சிறு திருகைச் சுற்ற இயலாது துன்புறுவர். அவர்களுக்கு நீண்ட, தடித்த திருகு உள்ளதே பொருத்தம். நெம்புகோலின் நீளம் கூடக்கூடத் தேவையான விசை குறையும். ஆண்டுக்கு ஓரிரு டின் மட்டுமே திறக்கும் வீட்டுக்கு, விலையுயர்ந்த கருவியைவிட உறுதியான அலகுடைய குத்தி நெம்பும் வகையே போதும்.

கிருஷ்ணகிரி, தருமபுரி மாம்பழக்கூழ் டின்கள்

தமிழ்நாட்டில் டின் உணவுத் தொழிலுக்குப் பெயர்பெற்ற பகுதி கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்கள் ஆகும். 2004 பிப்ரவரி 9 வரை இவை ஒரே மாவட்டமாக இருந்தன. இங்கு விளையும் பெங்களூரா எனப்படும் கிளிமூக்கு மாம்பழம், அல்போன்சா ஆகியவற்றின் கூழ் டின்களில் அடைக்கப்பட்டு வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகின்றது. மொத்தப் பயன்பாட்டுக்கு 215 கிலோகிராம் அளவுள்ள பீப்பாய்களில் நுண்ணுயிர் நீக்கிய பைகளில் அடைக்கும் முறையும் உண்டு. டின்களில் 850 கிராம், 3.1 கிலோகிராம் அளவுகள் வழக்கமானவை.

3.1 கிலோகிராம் டின்னின் விட்டம் ஏறத்தாழ 16 சென்டிமீட்டர். அதாவது விளிம்பைச் சுற்றி 50 சென்டிமீட்டர் அளவுக்கு வெட்ட வேண்டும். ஒரு நெம்புதலுக்கு ஒரு சென்டிமீட்டர் எனக் கொண்டால் 50 முறை நெம்ப வேண்டியிருக்கும். வீட்டு இருசக்கரத் திறப்பானால் ஒன்றிரண்டைத் திறக்கலாம். நாள்தோறும் பழச்சாறு, பனிக்கூழ் செய்வோருக்கு மேசை ஓரத்தில் பொருத்தப்படும் கைச்சுழற்சித் திறப்பானே உகந்தது. இதன் அலகையும் பற்சக்கரத்தையும் தேய்ந்ததும் தனியே மாற்றிக்கொள்ளலாம். அலகு மழுங்கிய பின்னும் மாற்றாதுவிட்டால் டின்னிலிருந்து மெல்லிய உலோக இழைகள் சீவப்பட்டுக் கூழில் விழும்.

மாம்பழக்கூழ் புளிப்புத் தன்மை உடையது. திறந்த டின்னிலேயே அதை வைத்திருந்தால், காற்றும் அமிலமும் சேர்ந்து உட்பூச்சிலுள்ள வெள்ளீயத்தை விரைவாகக் கரைக்கும். ஆகவே திறந்தவுடன் கண்ணாடி அல்லது துருவேறா எஃகுக் கலத்திற்கு மாற்றிக் குளிரூட்டியில் வைத்தல் வேண்டும்.

வெளியிடங்களில் பயன்பாடு

தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்தில் உள்ள ஒகேனக்கலில் காவிரி மீனை வாங்கிக் கொடுத்தால் அங்கேயே சமைத்துத் தருவோர் உள்ளனர். அத்தகைய இடத்துக்கு மீன் டின்னைச் சுமந்து செல்வது தேவையற்றதே. எனினும் ஆற்றங்கரைகளுக்கும் மலைப்பகுதிகளுக்கும் செல்வோர் டின் உணவு கொண்டு செல்வது உண்டு. அவர்களுக்கு மடக்குத் திறப்பான் எடை குறைந்தது. மணல் புகுந்து பற்சக்கரம் இறுகும் தொல்லையும் அதில் இல்லை. ஒகேனக்கலில் எண்ணெய்க் குளியலுக்குப் பின் மக்கள் வெறுங்காலுடன் பாறைகளில் நடப்பர். அங்கு வீசப்படும் டின் மூடி கத்திக்கு நிகரானது. மூடியை முழுதும் வெட்டி டின்னுக்குள்ளேயே போட்டு, வாயை நசுக்கித் திரும்ப எடுத்துச் செல்லுதல் வேண்டும்.

மூடி கையை ஆழமாக வெட்டிவிட்டால் தூய நீரால் கழுவி, தூய துணியால் அழுத்திப் பிடித்து, மருத்துவரை அணுகுதல் நன்று. இரணசன்னித் தடுப்பூசி தேவையா என்பதையும் அவரே முடிவு செய்வார்.

திறக்கக் கூடாத டின்கள்

மூடி புடைத்திருக்கும் டின், விளிம்பில் கசியும் டின், துளைத்ததும் பீறிட்டு அடிக்கும் டின் ஆகியவற்றின் உணவைச் சுவைத்துப் பார்க்கவும் கூடாது. புளிப்புக் குறைந்த மீன், இறைச்சி, காய்கறி ஆகியவற்றின் டின்களில் குளோசுட்டிரிடியம் பொட்டுலினம் என்னும் நுண்ணுயிர் வளர்ந்து, நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் நச்சை உண்டாக்கக்கூடும். நாற்றமோ நிறமாற்றமோ இல்லாமலும் இந்நச்சு இருக்கலாம். அமிலத்தன்மை 4.6 என்னும் பி.எச். அளவுக்குக் கீழ் உள்ள மாம்பழக்கூழில் இந்நுண்ணுயிர் பெருகாது. அதன் டின் புடைப்பதற்கு அமிலம் உலோகத்தை அரித்து உண்டாகும் ஐதரசன் வளிமமும் காரணமாகலாம். ஆனால் காரணத்தை வெளியிலிருந்து பிரித்தறிய இயலாது என்பதால் அதனையும் விலக்கவே வேண்டும்.

பராமரிப்பு

வெட்டுச் சக்கரம் ஒவ்வொரு முறையும் உணவில் தோய்கின்றது. பாலும் மீன் குழம்பும் பற்களுக்கு இடையே காய்ந்துவிட்டால் அடுத்த டின்னின் உணவில் கலக்கும். பயன்படுத்தியவுடன் வெந்நீரும் சோப்பும் கொண்டு பழைய பல்துலக்கியால் தேய்த்து, துடைத்து, ஈரமின்றி உலர்த்துதல் வேண்டும். திருகின் அச்சில் எப்போதாவது ஒரு சொட்டுச் சமையல் எண்ணெய் இடலாம். தையல் பொறிக்குரிய எண்ணெய் உணவுக்கு ஏற்றதன்று.

எர்மல் பிரேசின் இழுவளையத்தைப் பின்பற்றி, இன்று பல டின்கள் கருவியின்றியே திறக்கும் மூடியுடன் வருகின்றன. இவ்வளையம் பாதியில் முறிவதும் உண்டு. அப்போது டின்னைத் தலைகீழாகத் திருப்பி, அடிப்பக்கத்திலும் இரட்டை மடிப்பு இருந்தால் அங்கே திறப்பானால் வெட்டலாம். அடிப்பகுதி மடிப்பின்றி ஒரே தகட்டால் வார்க்கப்பட்டிருந்தால் சக்கரத்துக்குப் பற்றுவதற்கு விளிம்பு இராது. மேல் மூடியையே குத்தி நெம்பும் வகையால் திறக்க வேண்டும்.