கிராவிஸ் அல்ட்ராசவுண்ட்: எந்த சிப் கெட்டது?

அல்ட்ராசவுண்ட் என்றதும் ஆஸ்பத்திரி ஸ்கேன் ஞாபகம் வந்தால் தப்பில்லை. நான் சொல்வது 1992-இல் வந்த கிராவிஸ் அல்ட்ராசவுண்ட், டாஸ் காலத்து சவுண்ட் கார்டு. பியானோ, டிரம் என்று வாத்தியங்களின் ஒலிமாதிரிகளைத் தன் மேலேயே இருக்கும் மெமரியில் ஏற்றிக்கொண்டு வாசிக்கும். இந்த மெமரி கெட்டால் பாட்டு நிற்காது, அதுதான் தொல்லையே. பியானோ சுத்தமா இருக்கும், டிரம் மட்டும் கரகரக்கும். நாம ஸ்பீக்கரையும் ஒயரையும் ஆட்டிப் பார்த்துக்கிட்டு இருப்போம். வேறு பாட்டை ஏற்றினதும் கரகரப்பு வேறு வாத்தியத்துக்குத் தாவினால், சந்தேகமே வேண்டாம், மெமரிதான்.

கார்டில் முதலில் இருப்பது 256 கேபி. சிப் சொருகி 1024 கேபி வரை ஏற்றலாம். ஒவ்வொரு சிப்பும் ஒரு நேரத்தில் 4 பிட்தான் தரும். அதனால் இரண்டு சிப் ஜோடி சேர்ந்துதான் 256 கேபி: ஒன்று பைட்டின் கீழ்ப்பாதி, இன்னொன்று மேல்பாதி. 8 பிட் ஒலியில் கீழ்ப்பாதி கெட்டால் லேசான இரைச்சல்தான் கேட்கும். மேல்பாதியில் உச்சி பிட் புரண்டால் 128 படி ஒரேயடியாகத் தாவி 'டப்'பென்று வெடிக்கும். காதே பாதி வேலையைச் செய்துவிடும்.

"டிரைவர் 512 கேபி என்று சரியாத்தானே காட்டுது?" என்று கேட்கலாம். அதை நம்ப வேண்டாம். லினக்ஸ் டிரைவர், கூடுதலாகச் சேர்த்த ஒவ்வொரு 256 கேபி-யின் தொடக்கத்திலும் இரண்டே பைட் எழுதிப் பார்த்துவிட்டு அளவு சொல்லிவிடும்.

ஆகவே நாமே சோதிக்கணும். அல்ட்ரினிட் ஓடி முடிந்த கார்டு 220-இல் இருந்தால் (எல்லாம் பதினாறடிமானம்), 323-இல் 43 எழுதி முகவரியின் கீழ் 16 பிட்டை 324-க்கும், 323-இல் 44 எழுதி மேல் 4 பிட்டை 325-க்கும் கொடுங்க. பிறகு 327-இல் எழுதலாம், படிக்கலாம்.

நான் செய்த தப்பு இங்கேதான். ஒவ்வோர் இடத்திலும் 85, 170 எழுதி உடனே படித்தேன். எல்லாம் பாஸ், டிரம் மட்டும் பழையபடி. அப்புறம் 256 கேபி முழுவதிலும் முகவரியிலிருந்து கணக்கிட்ட எண்களை முதலில் எழுதி முடித்துவிட்டு, திரும்ப வந்து படித்தேன். மேல்பாதியில் மட்டும் ஏறக்குறைய முக்கால்வாசி தப்பு!

காரணம், இந்த சிப் 18 பிட் முகவரியை 9 கால்கள் வழியாக இரண்டு தவணையில் வாங்குகிறது. ஒரு கால் தொடாவிட்டால் இரண்டு பிட் போச்சு; நான்கு முகவரிகள் ஒரே அறையில் போய் விழும், கடைசியாக எழுதியது மட்டும் மிஞ்சும். உடனே படித்தால் எழுதினதே திரும்பி வரும், அதனால்தான் முதல் சோதனை ஏமாற்றியது.

புது ஜோடி வாங்கக் கிளம்பினவன், கரண்டைப் பிடுங்கிவிட்டு மேல்பாதி சிப்பைக் கழற்றினேன், கீழ்ப்பாதி சிப்போடு இடம் மாற்றிப் பார்க்கலாமே என்று. தப்பு சிப்போடு போனால் சிப் கோளாறு, அங்கேயே நின்றால் சாக்கெட் கோளாறு. மாற்றும் அளவுக்குப் போகவில்லை. சொருகும்போது நானே மடக்கிவிட்ட ஒரு கால் அடியில் படுத்துக்கிடந்தது. ட்வீசரால் நிமிர்த்திச் சொருகியதும் டிரம் சுத்தம். அந்தக் கால் மடங்கிய இடத்தில் இப்போ ஒரு கீறல் தெரியுது. இனி அந்த சிப்பைக் கழற்றுவதாக இல்லை.